திறந்து வைத்த டேப் சேமித்த பக்கம் ஆகாது

இணையம் இல்லாத நேரத்தில் படிக்க வலைப்பக்கங்களை எடுத்து வைப்பது பற்றித்தான் இந்த முறை நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பயணத்தில் படிக்கலாம் என்று போனில் பத்து டேப்களைத் திறந்தே வைத்திருந்தேன். சிக்னல் போனதும் ஒன்றுகூட வரவில்லை. ஏன்?

போனில் நினைவகம் போதாமல் போனால், பின்னால் கிடக்கும் டேப்களைப் பிரவுசர் சத்தமில்லாமல் இறக்கிவிடும். தலைப்பும் முகவரியும் மட்டுமே மிஞ்சும். நீங்கள் தொட்டதும் பக்கத்தை மறுபடி இணையத்திலிருந்து எடுக்கப் பார்க்கும். இணையம் இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொடுங்கள். பக்கம் டவுன்லோட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐபோன் சஃபாரியில் ரீடிங் லிஸ்ட் இருக்கிறது. ஆனால் அதில் சேர்த்தால் மட்டும் போதாது, ஆஃப்லைனில் தானாகச் சேமிக்கும் வசதியை செட்டிங்ஸில் இயக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தனியாக ஆஃப்லைனில் சேமிக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும், கிளம்பும் முன் ஏரோப்ளேன் மோடைப் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போது திறந்தால்தான் அது சேமித்த பக்கம்.

கணினியில் கன்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமித்து, பென்டிரைவில் கொண்டுபோனேன். எழுத்து வருகிறது, படங்கள் வரவில்லை.

'வெப்பேஜ், கம்ப்ளீட்' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பையும் (பக்கத்தின் எழுத்து இருப்பது இதில்தான்), படங்களைப் போட்டுவைக்க அதே பெயரில் ஒரு ஃபோல்டரையும் உண்டாக்கும். நீங்கள் கோப்பை மட்டும் எடுத்துப் போயிருக்கிறீர்கள். நானும் இதில் மாட்டியிருக்கிறேன்: வட்டில் இடம் வேண்டுமென்று, 'இதெல்லாம் என்ன குப்பை' என்று அந்த ஃபோல்டர்களை ஒரே மூச்சில் அழித்தேன். ஒரு வருடச் சேமிப்பில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

குரோமிலேயே 'சிங்கிள் ஃபைல்' என்ற தேர்வும் உண்டு. அது எம்ஹெச்டிஎம்எல் என்ற வடிவம்; மின்னஞ்சலோடு படங்களை இணைத்து அனுப்பும் அதே முறையில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடும். 1999-லேயே வரையறுக்கப்பட்டது. குறை என்னவென்றால், ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தானாகத் திறக்காது.

என் தேர்வு 'சிங்கிள்ஃபைல்' என்ற இலவச நீட்சி, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. படங்களை எழுத்துகளாக மாற்றி ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே பதித்துவிடுகிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கு என்பதால் படங்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கூடட்டும், எந்தப் பிரவுசரிலும் திறக்கிறதே!

சேமித்த கட்டுரையின் கீழ்ப்பாதிப் படங்கள் மட்டும் சாம்பல் கட்டமாக இருக்கின்றன.

நீங்கள் அங்கே உருட்டிப் போனால்தான் அந்தப் படங்கள் இறங்கும். கடைசி வரை உருட்டிவிட்டு, அப்புறம் சேமியுங்கள்.

தமிழ்த் தலைப்புள்ள பக்கத்தை லினக்ஸில் சேமித்தால் 'பெயர் நீளம் அதிகம்' என்கிறது. அவ்வளவு நீளமே இல்லையே?

நம் கண்ணுக்கு இல்லை, கணினிக்கு நீளம்தான். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் உச்சம். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதிலும் 'கி' என்பது க-வும் கொக்கியும் சேர்ந்து 6 பைட், 'க்' என்றால் புள்ளிக்கும் சேர்த்து 6. ஆக மொத்தம் 85 குறிகள், எழுத்தாக எண்ணினால் ஐம்பது சொச்சம். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால், அங்கே சேமித்த கோப்பு இங்கே நகலாக மறுப்பதும் உண்டு. பெயரைச் சுருக்குங்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதாதா?

ரசீது, சான்றிதழ் போன்றவற்றுக்குச் சரி. தமிழ்க் கட்டுரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு. பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முன்னால் வைத்துவிடுவதால், பல சமயம் ஒரு வரியை நகலெடுத்தால் எழுத்து உடைந்து வரும், தேடினாலும் சிக்காது. போதாக்குறைக்கு, சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, இடவலமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும்.

ஒரு தளம் முழுவதையும் எடுக்க முடியுமா?

முடியும். ஹெச்டிடிராக் இதற்கென்றே எழுதப்பட்டது. கட்டளை வரி பழக்கமென்றால் டபிள்யூகெட். எத்தனை அடுக்கு ஆழம் போகலாம் என்று கட்டாயம் வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் இணைப்பைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். கோரிக்கைகளுக்கு நடுவே சில நொடி இடைவெளியும் விடுங்கள், எதிர்ப்பக்கம் இருப்பது யாரோ ஒருவரின் சர்வர். விக்கிப்பீடியாவை மட்டும் இப்படி இழுக்காதீர்கள்: கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுதும் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது.

கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேர்த்துவைக்கும் பாக்கெட் செயலியை நம்பியிருந்தேன். இப்போது என்ன செய்வது?

2007-இல் தொடங்கிய அந்தச் சேவையை மோசில்லா 2025 ஜூலை 8-இல் மூடிவிட்டது. பழகிய வசதி வேண்டுமென்றால் இன்ஸ்டாபேப்பர் இருக்கிறது. சொந்தமாகச் சர்வர் நடத்தத் தெரிந்தவர்களுக்கு வாலபேக். இரண்டிலும் அடுத்த வாரம் படித்துத் தீர்க்கும் கட்டுரைகளை மட்டும் வையுங்கள். பத்து வருடம் கழித்தும் வேண்டியவற்றை ஹெச்டிஎம்எல் கோப்பாக உங்கள் வட்டில் போட்டு, வேறொரு வட்டில் நகலும் எடுத்துவிடுங்கள்.