கார்வெட் காரில் சாட்டிலைட் ரேடியோ ஆன்டெனாவை வெளியே தெரியாமல் வைக்க முடியுமா?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் கார்வெட் சி6 கூப்பே இருக்கிறது. கம்பெனி ரேடியோவை எடுத்துவிட்டு வேறு ஸ்டீரியோ போட்டு, சிரியஸ்எக்ஸ்எம் என்ற சாட்டிலைட் ரேடியோ சேவையைப் பிடிக்கும் எஸ்எக்ஸ்வி300 ட்யூனர் பெட்டியும் வாங்கிவிட்டேன். அதோடு வந்த கறுப்பு வில்லை போன்ற ஆன்டெனாவை வண்டியின் பின்பக்கம் மேலே ஒட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். அந்த பாடியின் மேல் அது துருத்திக்கொண்டு நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. எங்கே மறைக்கலாம்? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மறைக்கலாம். மற்ற பல ஸ்போர்ட்ஸ் கார்களைவிட உங்கள் வண்டியில் இது எளிது. 1953-இல் வந்த முதல் கார்வெட்டிலிருந்தே அதன் வெளிப்புற பாடி ஃபைபர்கிளாஸ் வகைதான். ரேடியோ அலை அதைக் கடந்து போய்விடும். ஸ்டீல், அலுமினியம், கார்பன் ஃபைபர் மூன்றும் தடுத்துவிடும். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்வெட்டிலேயே அதிவேக மாடல்களான இசட்06-இன் முன் ஃபெண்டர்களும் இசட்ஆர்1-இன் பானெட்டும் கார்பன் ஃபைபர். அந்த மாடல்களில் அவற்றுக்கு அடியில் வைத்தால் ஒன்றும் கேட்காது.

இடம் தேடும் முன் அலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிரியஸ், எக்ஸ்எம் என்ற இரு சேவைகள் இணைந்த சிரியஸ்எக்ஸ்எம் 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. எக்ஸ்எம் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல், மேற்கு தீர்க்கரேகை 85, 115 பாகைகளில் நிற்கின்றன. நியூ ஜெர்சியிலிருந்து பார்த்தால் முதலாவது தென்வானில் ஏறத்தாழ 41 பாகை உயரத்தில் இருக்கும்; மற்றது தென்மேற்கில் இன்னும் தாழ்ந்து, 27 பாகை உயரத்தில். வண்டி எந்தத் திசையிலும் திரும்பும். ஆகவே ஆன்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும், 25 பாகைக்கு மேலே உலோகம் மறைக்காத இடம்தான் நல்ல இடம். மயாமியில் இருப்பவர்களுக்கு 85 பாகைச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 59 பாகை உயரத்தில் தெரியும் என்பதால், அங்கே கொஞ்சம் மோசமான இடம்கூட ஒப்பேறிவிடும். சியாட்டிலில் ஒப்பேறாது.

உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பின் பம்பர் கவரின் மேல்பட்டை. பின்கண்ணாடி முடிந்து வால் விளக்குகள் தொடங்கும் வரை சமமாக இருக்கும் பகுதியின் அடிப்பக்கம் அது. விளக்குகளின் ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்தால் அந்த ஓட்டை வழியே கை போகும். கீழே மஃப்ளர்கள் இருக்கின்றன, அந்தச் சூடு ஆன்டெனாவுக்கு ஆகாது. முடிந்த அளவு மேலே வையுங்கள், அடியில் ஒரு உலோகத் தகடு கட்டாயம் வேண்டும். இந்தத் தகடு சூட்டை மறைப்பதோடு இன்னொரு முக்கிய வேலையும் செய்கிறது. வில்லை ஆன்டெனா உலோகக் கூரைமேல் உட்கார்வதற்காகச் செய்யப்பட்டது, அடியில் உலோகம் இல்லாவிட்டால் அதன் திறன் குறையும். இந்தப் பாடியில் காந்தமும் ஒட்டாது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில், 1 மி.மீ. தடிமனில் ஒரு ஸ்டீல் தகடு வெட்டிக்கொண்டால் இரண்டும் சரியாகிவிடும். விளிம்புகளுக்குப் பெயின்ட் அடியுங்கள், இல்லையேல் ஒரு குளிர்காலத்துச் சாலை உப்பே துருப்பிடிக்க வைத்துவிடும்.

ஆன்டெனாவின் மேல்முகத்துக்கும் பாடிக்கும் நடுவே அரை முதல் ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள். பாடியோடு அழுத்தி ஒட்டினால் ஆன்டெனாவின் அலைவரிசை சற்று விலகிப்போகும். தகட்டின் இரு ஓரங்களிலும் ஃபோம் துண்டு வைத்து, வெளிப்புற உபயோகத்துக்கான 3எம் விஹெச்பி டேப்பால் ஒட்டலாம். ஒட்டும் முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைப்பது முக்கியம். பிளாஸ்டிக் டையாலும் ஒரு கட்டு போட்டுவிடுங்கள், டேப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

இத்தனையும் செய்யும் முன் ஒரு சோதனை. இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். தகட்டோடு ஆன்டெனாவை அந்த இடத்தில் தற்காலிகமாக டேப் போட்டு நிறுத்தி, வயரைக் கதவிடுக்கு வழியே நசுங்காமல் உள்ளே கொண்டுவாருங்கள். ஊருக்கு வெளியே, மரமும் கட்டடமும் இல்லாத திறந்த வெளிக்குப் போய், வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு பக்கமும் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். ரேடியோ சில நொடி ஒலியைச் சேமித்து வைத்துத்தான் பாடும். எனவே ஒவ்வொரு திசையிலும் அரை நிமிடமாவது நில்லுங்கள். பெருநகரத்துக்குள் சோதித்தால் ஏமாறுவீர்கள்: அங்கே தரையிலிருந்தும் மறு ஒலிபரப்பு நடக்கிறது, ஆன்டெனா வானத்தையே பார்க்காவிட்டாலும் பாட்டு வரும். உங்கள் ஸ்டீரியோவில் செயற்கைக்கோள் சிக்னலும் தரை சிக்னலும் தனித்தனியாகக் காட்டும் பக்கம் இருந்தால் முதலாவதை மட்டும் பாருங்கள்.

பின்னால் சரிவரவில்லையா, டேஷ்போர்டின் மேல்தட்டுக்கு அடியில், முன்கண்ணாடியை ஒட்டி வையுங்கள். வயர் வேலை மிகக் குறைவு, மழைத் தண்ணீர் பயமும் இல்லை. வண்டி வடக்கே போகும்போது கண்ணாடியின் மேல்சட்டம் குறுக்கே வரும் என்பதுதான் குறை. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் இந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

வயர் ஏறத்தாழ 6 மீட்டர் இருக்கும். மிச்சத்தை வெட்டிச் சிறிதாக்காதீர்கள். ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரமும் அதே வயரில்தான் போகிறது. இணைப்பு கெட்டால் எல்லாமே நின்றுவிடும். உள்ளங்கை அகல வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். பாடிக்குள் நுழைய புதுத் துளை வேண்டாம், ஏற்கெனவே ஒயரிங் போகும் துளையின் ரப்பர் வளையம் (க்ரோமெட்) வழியே விடுங்கள்.

பின்னாளில் திரையில் ஆன்டெனாவைச் சரிபார்க்கச் சொல்லி எச்சரிக்கை வந்தால், வயர் அறுந்திருக்கும் அல்லது நசுங்கியிருக்கும், அல்லது வயர் முனையிலுள்ள இணைப்பு பின் கழன்றிருக்கும். சிக்னல் இல்லை என்று மட்டும் வந்தால் வயர் பெரும்பாலும் சரி, இடம்தான் தவறு.

கேள்வி: 1999 மாஸ்டா மியாட்டாவில் (கூரை மடிக்கும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்) பானெட்டுக்கு அடியில் வைக்கலாமா? (ஹூஸ்டன்)

பதில்: கூடாது, அது அலுமினியம். மேலே ஒட்டலாம் என்றாலும் காந்தம் பிடிக்காது. சீட்டுக்குப் பின்னாலுள்ள தட்டும் வேண்டாம்: கூரையை மடித்ததும் அதன் கம்பிகளும் கண்ணாடியும் ஆன்டெனாவின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். டேஷ்போர்டு நல்ல இடம். கூரையைத் திறந்தே ஓட்டுபவர் என்றால் அதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. முன் பம்பர் பிளாஸ்டிக்தான், அதன் மேல்பகுதிக்கு அடியிலும் வைக்கலாம். ஆனால் எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வயர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பழைய எக்ஸ்எம் ஆன்டெனா மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இரண்டு வயர் உள்ளது என்றால் வேண்டாம். ஆரம்பகால எக்ஸ்எம் ரேடியோக்களுக்குச் செயற்கைக்கோளுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என இரண்டு வயர் இருந்தன. 2008-இல் சிரியஸும் எக்ஸ்எம்மும் இணைந்த பிறகு வந்த, இரண்டு சேவைகளுக்கும் பொதுவான ஒற்றை வயர் ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்எக்ஸ்வி300-க்கு வேண்டியது எஸ்எம்பி எனும் சிறிய, அழுத்திச் செருகும் இணைப்பு பின். கம்பெனி ஆன்டெனா ஏற்கெனவே உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஃபாக்ரா எனும், பிளாஸ்டிக் உறையுள்ள இணைப்பு பின் இருக்கும். அப்படியானால் புது ஆன்டெனாவே வேண்டாம், ஃபாக்ராவிலிருந்து எஸ்எம்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று போதும்.

கேள்வி: ஊர் திரும்புகிறேன். இந்த ஸ்டீரியோவையும் ட்யூனரையும் சென்னைக்குக் கொண்டுபோனால் பயன்படுமா?

பதில்: ட்யூனரும் ஆன்டெனாவும் பயன்படாது, அந்தச் செயற்கைக்கோள்கள் வட அமெரிக்காவுக்கானவை. இந்தியாவில் சாட்டிலைட் ரேடியோ நடத்திய வேர்ல்டுஸ்பேஸ் 2009 இறுதியில் சேவையை நிறுத்திவிட்டது. அதன் பெட்டிகள் வேறு அலைவரிசை, ஒன்றுக்கு ஒன்று மாற்றவும் முடியாது. ட்யூனரையும் ஆன்டெனாவையும் அமெரிக்காவிலேயே விற்றுவிடுங்கள். ஸ்டீரியோவைக் கொண்டுவருவதென்றால் எஃப்எம்மை வேறு நாட்டு அமைப்புக்கு மாற்றும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க அமைப்பில் அது 98.1, 98.3 என்று ஒற்றைப்படையாகவே தாவும். சென்னை வானொலியின் ரெயின்போ 101.4-இல் வருகிறது, அதில் போய் நிற்காது.