சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம், குக்கில்: நான்கும் ஒன்றுதானா?

இந்த நான்கு மரப் பிசின்களும் ஒன்றுதானா, மருந்துக் குறிப்பில் ஒன்று சொல்லியிருந்தால் கையில் இருக்கும் இன்னொன்றைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இல்லை, போடவும் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவின் முழங்கால் வலிக்குக் குந்திரிக்கத் தைலம் காய்ச்சலாம் என்று ஒரு தூள் பொட்டலம் வாங்கினேன். பெயர் சரியாகத்தான் எழுதியிருந்தது. முதல் ஈடு தைலத்தைத் தடவிய மறுநாள் அம்மாவுக்குத் தோல் சிவந்து தடித்துவிட்டது. மிச்சத் தூளில் ஒரு சிட்டிகையைத் தணலில் போட்டுப் பார்த்தேன். வெனிலா மாதிரி இனிப்பான வாசம். குந்திரிக்கத்துக்கு அந்த வாசம் கிடையாது. உள்ளே இருந்தது சாம்பிராணி. அது சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.

அதன் பிறகு நான் எதையும் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை. சோதனை எளிது. ஒரு துண்டைக் கல்லில் வைத்துத் தண்ணீர் விட்டு உரையுங்கள். குந்திரிக்கமும் குக்கிலும் பால்போல வெளுத்துக் கரையும். காரணம், அவற்றில் தண்ணீரில் கரையாத ரெசினோடு, கரையும் கோந்தும் கலந்திருக்கிறது. சாம்பிராணியிலும் குங்கிலியத்திலும் கோந்து கிடையாது. எவ்வளவு உரைத்தாலும் மணல்போல அடியில்தான் தங்கும். இப்படி இரண்டு இரண்டாகப் பிரித்துவிட்டால் மீதியை மூக்கும் விரலும் சொல்லிவிடும். குந்திரிக்கம் வெளிர் மஞ்சள் துளிகளாக இருக்கும், எலுமிச்சையும் பைன் மரமும் கலந்த வாசம். குக்கில் கருத்த பழுப்பு, விரலில் ஒட்டும், கசக்கும். சாம்பிராணியின் இனிப்பு வாசத்தை ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. குங்கிலியம் கண்ணாடிபோல உடையும், வாசம் மெல்லியது.

இந்தக் குழப்பம் நம் காலத்தில் வந்ததல்ல. குந்திரிக்கத்துக்கே ‘பறங்கிச் சாம்பிராணி’ என்று இன்னொரு பெயர் உண்டு. அரபு வணிகர்களும் இதையே செய்தார்கள். குந்திரிக்கத்துக்கு அவர்கள் சொல் ‘லுபான்’. சுமத்ராவிலிருந்து வந்த சாம்பிராணியை ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் குந்திரிக்கம் என்றார்கள். சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே சொல்வது வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதாவும் இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பியர் வாயில் முன்னால் இருந்த ‘லு’ உதிர்ந்து, அது ‘பென்சோயின்’ ஆனது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833இல் மிட்ஷெர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்த திரவத்தின் பெயர்தான் பின்னால் பென்சீன் ஆனது. வேதியியல் பாடத்தில் படித்த பென்சீனின் பெயருக்குள் ஒரு மரத்துப் பிசின் இருக்கிறது என்று தெரிந்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாம்பிராணி தரும் ஸ்டைராக்ஸ் மரம் தானாகப் பிசின் சுரக்காது. பட்டையைக் கீறினால்தான், காயத்தை மூடுவதற்காக அதை உண்டாக்குகிறது. வாசனைத் திரவியம் செய்பவர்களுக்கு அது வேண்டியிருப்பது இனிப்புக்காக மட்டுமில்லை, சீக்கிரம் பறந்துவிடும் மெல்லிய வாசங்களைப் பிடித்து நிறுத்துவதற்காகவும்தான். மருத்துவமனைகளில் பிளாஸ்திரி நன்றாக ஒட்டுவதற்குத் தோலில் தடவும் பழுப்புத் திரவம், டிங்ச்சர் பென்சாயின், இதே சாம்பிராணி சாராயத்தில் கரைந்ததுதான்.

குங்கிலியம் சால மரத்தின் பிசின். நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கடைந்தால் வெளுத்துத் திரளும். அதுதான் தீப்புண்ணுக்குப் போடும் குங்கிலிய வெண்ணெய்.

குந்திரிக்கத்தில் இருக்கும் பாஸ்வெல்லிக் அமிலங்களுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு. முழங்கால் தேய்மானத்தில் உள்ளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. ஆனால் மரத்தை நினைத்தால் எனக்குக் கவலை. அடிக்கடி கீறப்படும் மரங்களின் விதைகள் சரியாக முளைப்பதில்லை என்று குந்திரிக்கம் தரும் ஆப்பிரிக்க பாஸ்வெல்லியா மரங்களில் பார்த்திருக்கிறார்கள். குக்கில் மரத்தின் நிலை இன்னும் மோசம். ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் இது, அளவு மீறிக் கீறிக் கீறியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

குக்கில் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று கேட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து 8 வாரம் சோதித்துப் பார்த்தபோது, குக்கில் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

சரி, வாங்கும்போது என்ன செய்யலாம்? தூளாக வாங்காதீர்கள். தூளில் எதையும் எதோடும் கலக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. துளியாகவோ கட்டியாகவோ வாங்கி, உரைத்துப் பார்த்து, அப்புறம் நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். தோலில் தடவுவதாக இருந்தால் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன். உரைத்த தண்ணீர் பால்போல வெளுத்தது, கையிலும் தடிப்பு வரவில்லை. அதன் பிறகுதான் முழங்காலில் தடவினேன்.