12 கிளாஸ் சாயா: எந்த கிளாஸிலிருந்து குறைப்பது?

கேள்வி: எனக்கு 46 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியக்காலம் 3 மணிக்கு எழும்பினதும் தொடங்கும் சாயா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று என்று நாளுக்கு 12 கிளாஸ் ஆகிவிடுகிறது. எல்லாம் கடுப்பம் (ஸ்ட்ராங்), கிளாஸுக்கு 2 கரண்டி சீனி. இடையிடையே பீடியும் உண்டு. படுத்தால் உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, புளித்த ஏப்பம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். சாயங்காலமே தலை பிளக்கத் தொடங்கியது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் கொஞ்சம் கேட்டது. திங்கள் விடியக் கருக்கலில் மறுபடியும் சாயாக்கடைக்கே போய்விட்டேன். பால் சேர்க்காமல் கட்டஞ்சாயாவாகக் குடித்தால் போதுமா, இல்லை முழுக்க விடத்தான் வேண்டுமா?

பதில்: முழுக்க விட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு குடிக்கிற சாயா அத்தனையும் போக வேண்டும். கருக்கலில் குடிப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தலைவலிக்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்லாதீர்கள். நாள்தோறும் இவ்வளவு குடிக்கிற யார் திடீரென்று நிறுத்தினாலும் அது வரக்கூடியதுதான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். உறக்கச் சடைவைத் தருவது அது. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் சாயாவில் உள்ள காஃபீன் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் இது நடந்தால் மூளையும் அந்த இடங்களைக் கூட்டிக்கொள்கிறது. ஒருநாள் காஃபீன் வரவில்லை என்றால், கூடுதலான இடங்கள் எல்லாவற்றிலும் அடினோசின் ஏறிவிடும். சடைவு, எரிச்சல், காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்புவலி எல்லாம் அதனால் வருவது. காஃபீன் சுருக்கி வைத்திருந்த தலை இரத்தக் குழாய்களும் அப்போது விரியும். அதனால் தலை விண்விண் என்று தெறிக்கும். கடைசி கிளாஸ் குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் இது ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், 2 முதல் 9 நாளில் அடங்கும். அந்த உச்சம் வருகிற நேரத்தில்தான், திங்கள் கருக்கலில், இருட்டில் தலையில் லைட்டும் கையில் கத்தியுமாக வெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கடையில் நின்றதில் தப்பில்லை.

அந்த மாத்திரை அட்டை இன்னும் வீட்டில் கிடந்தால் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். தலைவலிக்கென்று விற்கிற சில மாத்திரைகளில் காஃபீனும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்டதைப் போட்டிருந்தால், சாயாவை நிறுத்திவிட்டுக் காஃபீனை மாத்திரையாக விழுங்கியிருக்கிறீர்கள். குறைக்கிற நாட்களில் தலைவலி தாங்கவில்லை என்றால் வெறும் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும், தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து இன்னொன்று. தொடர்ந்து 2, 3 நாளுக்கு மேல் வேண்டாம். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதையும் போடாதீர்கள். புளித்த ஏப்பம் உள்ள வயிற்றுக்கு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் ஆகவே ஆகாது.

இப்போது உங்கள் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 300 மி.கி. காஃபீனைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதன்படி ஒரு கப் சாயாவில் 30 முதல் 65 மி.கி. வரை இருக்கும், 150 மி.லி. டிகாஷன் காப்பியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65. கடை கிளாஸ் சின்னது என்று கிளாஸுக்கு 40 போட்டாலும் நீங்கள் 480-ஐத் தொடுகிறீர்கள். கடுப்பம் என்றால் இன்னும் மேலே. கடைச் சாயாவில் இந்த அளவு நிலையாகவும் இருக்காது. வடிதுணியில் புதுத்தூள் போட்டதும் ஊற்றும் முதல் வடிப்பில்தான் காஃபீன் பெரும்பாலும் இறங்கும். அதே தூளில் நாலாவது, ஐந்தாவது தடவை ஊற்றியது நிறம் இருந்தாலும் லேசு.

கட்டஞ்சாயா விஷயம் இதிலேயே முடிந்துவிட்டது. காஃபீன் இருப்பது தூளில். பாலை எடுத்துவிட்டால் அது குறையாது. வெறும் வயிற்றில் எரிச்சல்தான் கூடும். காப்பிக்கு மாறினால் கணக்கு இன்னும் ஏறும். காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியில் காஃபீன் கிடையாது. ஆனால் கலவைத் தூளில் பாதிக்குமேல் காப்பி இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கோலா பானங்களையும் எனர்ஜி டிரிங்க்கையும் தொடாதீர்கள். அவற்றிலும் காஃபீன் உண்டு.

உறக்கம் வராததுதான் உங்கள் முதல் பிரச்சினை. வெயில் ஏறும் முன், மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால் 3 மணி எழும்பலை மாற்ற முடியாது. அப்படியென்றால் ராத்திரி 8 மணிக்குக் கண் அடைய வேண்டும். உடம்பில் ஏறிய காஃபீனில் பாதி கழியவே பெரும்பாலோருக்கு 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக்கு ஜங்ஷனில் குடித்த 3 கிளாஸில் ஒன்றரை கிளாஸ் ராத்திரி 10 மணிக்கும் உள்ளே நிற்கிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் சடைவு, சடைவுக்கு இன்னொரு சாயா. இந்தச் சுற்றை வெட்ட வேண்டிய இடம் சாயங்காலம்.

3 நாள் எதையும் மாற்றாமல், எந்த நேரம் எத்தனை கிளாஸ் என்று குறித்து வையுங்கள். பால்வெட்டு வேலையில் பெரும்பாலும் இப்படித்தான் பிரியும்: கருக்கலில் 2, வெட்டு முடித்துப் பால் எடுக்கும் முன் 2, காலைச் சாப்பாட்டோடு 1, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் இடத்தில் 2, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் 1, சாயங்காலம் 3, ராத்திரி 1. முதல் 4 நாள் ராத்திரி கிளாஸையும் சாயங்காலத்தில் ஒன்றையும் விடுங்கள். மீதி 10. அடுத்த 4 நாளில் சாயங்காலத்தில் மிச்சம் இருக்கும் இரண்டும் போகட்டும்; 8. அதற்கடுத்த 4 நாளில் மத்தியானத்து ஒன்றும் ஷீட் அடிக்கும்போது ஒன்றும். இப்போது 6 கிளாஸ், எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். கணக்கும் 300-க்குள் வந்துவிடும். அங்கே ஒரு வாரம் நில்லுங்கள். உறக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க அந்த வாரம் வேண்டும்.

பிறகு 4 நாளுக்கு ஒன்று வீதம் குறைத்து 3-க்கு வரலாம்: காலைச் சாப்பாட்டோடு குடிப்பது, ஷீட் அடிக்கும்போது மிஞ்சியது, பால் எடுக்கும் முன் ஒன்று என்ற வரிசையில். காலைச் சாப்பாட்டோடு குடிப்பதை முதலில் விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாயாவின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா, காப்பி வேண்டாம் என்று மேலே சொன்ன வழிகாட்டியே சொல்கிறது. வீட்டில் இரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஒரு படியில் தலைவலி வந்தால் அடுத்த படிக்கு இறங்காமல் அங்கேயே 3 நாள் கூட நில்லுங்கள். தாங்கவே முடியாத நாளில் அரை கிளாஸ் கூடுதலாகக் குடிக்கலாம், ஆனால் 11 மணிக்குள். கருக்கலில் குடிக்கும் இரண்டையும் முதல் மாதத்தில் தொடாதீர்கள். இருட்டில், பாம்பு நடமாடும் தோட்டத்தில், கூர்கத்தியோடு சடைந்து நிற்பதைவிட 2 கிளாஸ் சாயா மேல்.

சீனியை மறந்துவிடாதீர்கள். கிளாஸுக்கு 2 சின்னக் கரண்டி என்றால் நாளுக்கு 100 கிராம் பக்கம் வரும். 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சாயா குறைந்ததும் காலை 9, 10 மணிக்குக் கை நடுங்கிக் கண் இருட்டுகிற மாதிரி வந்தால், பெரும்பாலும் அது பசி. இவ்வளவு நாள் அந்தப் பசியைச் சீனி மூடி வைத்திருந்தது. போகும்போது 2 மட்டிப்பழம் தின்றுவிட்டுப் போங்கள். வெட்டு முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சியும் பயறும், அல்லது அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும். வேர்த்த உடம்புக்குத் தண்ணீர் போதாவிட்டாலும் தலை வலிக்கும். அதற்குச் சாயாவைக் காரணம் சொல்லக் கூடாது.

கையில் கிளாஸ் இல்லாமல் ஜங்ஷனில் நிற்பது கஷ்டம் என்று தெரியும். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டால், நீங்கள் கேட்காமலே சாயா அடித்து நீட்ட மாட்டார். சூடு பால் வாங்கலாம். சுக்குக் காப்பி கேட்டால், காப்பித்தூள் போடுகிறாரா என்று விசாரியுங்கள். சில கடைகளில் மணத்துக்காக அரைக் கரண்டி விழும். கருப்பட்டிக் காப்பிக்கும் இதே கேள்விதான். வீட்டில் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, தட்டிய சுக்கு 10 கிராம், கொத்தமல்லி விதை 2 மேசைக் கரண்டி, கருப்பட்டி 40 கிராம் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து பிளாஸ்கில் ஊற்றுங்கள். ஏப்பம் அடங்கும் வரை மிளகு வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சீனிதான். அதற்குப் பதில் பதிமுகம் (சிவப்பு நிறம் தரும் மரச்சீவல்) போட்ட தண்ணீர் நல்லது.

பீடி பற்றி: புகை, கல்லீரல் காஃபீனைக் கழிக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் பீடி குடிப்பவருக்குச் சாயா சீக்கிரம் இறங்கிவிடும். பீடியை நிறுத்தினால் அதே அளவு சாயா ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, உறக்கமின்மை எல்லாம் கூடும். பலர் அதைப் பீடி விட்டதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பற்ற வைக்கிறார்கள். சாயாவை 6-க்குக் கொண்டுவந்த பிறகு பீடியை விடுவதில் இறங்குங்கள். உடம்புக்குப் பெரிய கேடு பீடிதான்.

குறைக்கத் தொடங்கும் முன்பே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்து ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். 46 வயதில், பீடியும் இருக்கும்போது, படபடப்பு முழுவதையும் சாயாவின் தலையில் கட்டக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், மயக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். திடீரென்று இடி இறங்கின மாதிரி வரும் தலைவலிக்கும், கை கால் தளர்ச்சியோடு வருவதற்கும் அப்படித்தான். 10 நாள் தாண்டியும் தலைவலி விடாவிட்டாலும் காட்டுங்கள்.

3 கிளாஸில் நின்றுகொள்ளலாம். அதையும் விட ஆசைப்பட்டால் அங்கிருந்தும் படிப்படியாகவே இறங்குங்கள்; நாளுக்கு 100 மி.கி. குடிப்பவருக்கும் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். கல்யாண வீட்டிலோ துஷ்டி வீட்டிலோ ராத்திரி முழிக்க நேர்ந்து 4, 5 கிளாஸ் போய்விட்டால் மறுநாள் உங்கள் எண்ணிக்கைக்கே திரும்புங்கள். ஒரு ராத்திரியால் ஒன்றும் கெடாது. தொடர்ந்து 3 நாள் கூடிவிட்டால் மட்டும் ஒரேயடியாகப் பழைய அளவுக்கு வராமல், நாளுக்கு ஒரு கிளாஸாக இறங்குங்கள்.