மாநிற முகத்துக்கு நிழல் போட்டால் ஏன் சாம்பல் பூக்கிறது?

வாசகி ஒருவரின் கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். போனில் ஐபிஸ் பெயின்ட் ஆப்பில் விரலாலேயே கேரக்டர்கள் வரைகிறேன். லைன் ஆர்ட் வரைக்கும் நன்றாக வருகிறது, கலர் அடித்ததும் கெட்டுப்போகிறது. இப்போது ஒரு பூக்காரப் பாட்டியை வரைந்திருக்கிறேன். மாநிறம், நரைமுடி, அரக்குச் சேலை, மடியில் மல்லிகைக் கூடை. வீடியோக்களில் சொல்கிறபடி ஊதா நிழல் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. கறுப்பைக் கலந்தால் அழுக்காகத் தெரிகிறது. ஏர்பிரஷ்ஷால் தேய்த்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிறது. காசு கொடுத்து நல்ல பிரஷ் வாங்க வேண்டுமா? பென் டேப்லெட் இல்லாமல் இது வராதா?

பதில்: பிரஷ்ஷுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஆப்போடு வருகிற கடின விளிம்பு பிரஷ் ஒன்றும் ஏர்பிரஷ் ஒன்றும் இந்தப் படத்துக்குப் போதும். டேப்லெட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். வெளிச்சம் எங்கிருந்து, என்ன நிறத்தில் வருகிறது என்று முடிவு செய்யாமலேயே நிழலுக்கு நிறம் தேடுகிறீர்கள்.

முதலில் ஒரு சோதனை. எல்லா லேயருக்கும் மேலே புதிய லேயர் போட்டு, முழுக்கக் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை (கீழே உள்ள லேயரோடு கலக்கும் விதத்தை) 'கலர்' என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பாட்டியின் முகம், கழுத்து, சேலை எல்லாம் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் கோளாறு நிறத்தில் இல்லை, டோனில், அதாவது வெளிச்சம் இருட்டின் அளவில் இருக்கிறது. சாச்சுரேஷன் (நிறச்செறிவு) ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இந்த மாதிரி ஸ்லைடர்கள் பயன்படுத்தும் எச்எஸ்எல் என்ற நிறக் கணக்கில் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே 50% சாம்பலாகிவிடும். கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. எச்டி டிவிக்கான தரநிலை வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்குச் சுமார் 72%, சிவப்புக்கு 21%, நீலத்துக்கு வெறும் 7% எடை தருகிறது. 'கலர்' மோடும் ஏறக்குறைய இந்த மாதிரிதான் கணக்குப் போடுகிறது. அந்த லேயரை அழிக்காமல் மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடியும்வரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நம் கண் டோனை நேர்மையாக அளக்காது, பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் எடைபோடும். எம்ஐடி பேராசிரியர் எட்வர்ட் ஏடெல்சன் 1995-ல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புக் கட்டமும் நிழலில் இருக்கும் வெள்ளைக் கட்டமும் அதில் ஒரே சாம்பல் நிறம், ஆனால் சத்தியம் செய்தாலும் நம்பத் தோன்றாது. உங்கள் பாட்டிக்கும் இது பொருந்தும். கடும் வெயில் படும் மாநிறக் கன்னம், நிழலுக்குள் இருக்கும் நரைமுடியைவிட வெளிறித் தெரியலாம். 'நரை என்றால் வெள்ளை' என்று நிழல் பக்கத்து முடிக்கும் வெள்ளையடித்தால் முகத்தில் விழுந்த வெயில் அங்கேயே செத்துவிடும்.

சரி, வெளிச்சத்தை முடிவு செய்வோம். பாட்டி காலை வெயிலில் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரா, ராத்திரி எல்இடி பல்பின் கீழா? காலை என்றால் ஒளி மஞ்சள், நிழல் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். அதே சமயம் வெயில் பட்ட தரையிலிருந்து எகிறும் இளஞ்சூடான வெளிச்சம் தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் ஏறும். வெள்ளை எல்இடி என்றால் கதை மாறும். ஒளி குளிர்ந்த நிறம், அதற்குப் பக்கத்தில் நிழல் செம்மையாகத் தெரியும். 'நிழல் என்றால் ஊதா' என்பது ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்துக்கான விடை, அதை எல்லாப் படத்துக்கும் விதியாக்கிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிறிய தோலை வைத்துக் கற்றுக்கொடுக்கின்றன. மாநிறத்துக்கு வழி வேறு. இதை ஆப்பில் கற்பதைவிடச் சமையலறையில் கற்பது சுலபம். ஒரு சப்போட்டாவையும் ஒரு கத்தரிக்காயையும் ஜன்னலோரம் வையுங்கள். சப்போட்டாவில் வெளிச்சம் மெல்ல மெல்லத் தேய்ந்து நிழலாகிறது, உருண்டை வடிவம் அந்தத் தேய்மானத்தால் தெரிகிறது. கத்தரிக்காயில் நிழலை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது, ஜன்னல் அதன் மேல் விழுந்து பளீரென்று மின்னும் இடத்தால்தான் அதன் வளைவு தெரிகிறது. மாநிறத் தோல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோல் கருக்கக் கருக்க கத்தரிக்காய்ப் பக்கம் நகரும். வெளிறிய முகத்தை நிழல் செதுக்கும் என்றால், கருத்த முகத்தைப் பளபளப்பு செதுக்கும்.

காரணம் இதுதான். தோலின் நிறம் என்பது உள்ளே போய், மெலனினிடம் பாதியைப் பறிகொடுத்துத் திரும்பி வரும் ஒளி. பளபளப்பு உள்ளே போகாமல் மேல்பரப்பிலேயே தெறித்துத் திரும்பும் ஒளி. அதற்கு மெலனினோடு தொடர்பே இல்லை. ஆகவே பாட்டியின் நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, கீழுதடு இங்கெல்லாம் வைக்கும் ஹைலைட்டை 'வெளிறிய பழுப்பு' என்று எடுக்காதீர்கள். அது வெளிச்சத்தின் நிறத்தில் இருக்க வேண்டும். வானம் பார்த்த நெற்றியில் லேசான நீலம், மஞ்சள் பல்பு என்றால் மஞ்சள். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி முகம் உயிர் பெற்றுவிடும்.

இனி நிழல். மல்டிப்ளை மோட் செய்வது வெறும் பெருக்கல்தான். கீழே இருக்கும் நிறத்தை மேலே இருக்கும் நிறத்தால் பெருக்கி 255-ஆல் வகுக்கும். பாட்டியின் தோலுக்கு 170, 115, 80 என்று ஒரு பழுப்பை எடுப்போம் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்). அதன் சாச்சுரேஷன் 53% (இங்கே எச்எஸ்எல் அல்ல, எச்எஸ்வி கணக்கில்). இதன் மேல் 180, 180, 180 என்ற சாம்பலைப் பெருக்கினால் 120, 81, 56 கிடைக்கும். சாச்சுரேஷன் அதே 53%, இருட்டு மட்டும் கூடியிருக்கிறது. கறுப்புக் கலந்த அழுக்கு இதுதான். வீடியோக்காரரின் லாவெண்டர், 180, 170, 230 என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 120, 77, 72. சாச்சுரேஷன் 40%-க்குச் சரிந்துவிட்டது. சாம்பல் பூத்தது அதனால்தான். பழுப்பில் ஏற்கெனவே குறைவாக இருந்த நீலத்தை ஊதா விட்டுவைத்துவிட்டு, மற்ற இரண்டையும் தின்றுவிட்டது. அதற்குப் பதில் செங்கல் சாயலில் 180, 140, 130 வையுங்கள். 120, 63, 41 வரும், சாச்சுரேஷன் 66%. மூன்றிலும் சிவப்பு எண் அதே 120 என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் கடைசி நிழலில்தான் ரத்தம் ஓடும்.

ஊதாவே கூடாது என்றில்லை. செங்கல் நிழலைப் போட்டு முடித்த பிறகு, நிழலுக்குள்ளேயே மேல்நோக்கிய பகுதிகளில் மட்டும், தோளின் மேல்பக்கம், கன்னத்தின் மேடு, நீலத்தை மிக மெல்லியதாக ஊதிவிடுங்கள். அது வானத்தின் பங்கு. தாடைக்கு அடியில் அரக்குச் சேலையின் சிவப்பு லேசாக ஏறலாம். ஆனால் இப்படி எகிறிவரும் ஒளி எதுவும், அதே தோலின் வெளிச்சப் பகுதியில் உள்ள மிகக் கருத்த இடத்தைவிடப் பிரகாசமாகிவிடக் கூடாது. வெளிச்சப் பகுதி ஒரு குடும்பம், நிழல் பகுதி இன்னொரு குடும்பம், டோனில் இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் பாட்டி பீங்கான் பொம்மையாகிவிடுவார். கறுப்பு வெள்ளை லேயரைத் திறந்தால் இது உடனே பிடிபடும்.

ஏர்பிரஷ் விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் தோற்றம் வருவது ஏர்பிரஷ்ஷால் அல்ல, எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி மென்மையாக்குவதால். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் போடும் விழுநிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், பொருளை விட்டு விலக விலக மங்கும். வெயிலில் மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும் இடம் கத்தி வெட்டு மாதிரி தெரியும். கன்னம் உருண்டு நிழலுக்குள் போகும் இடமோ மென்மை. அதனால் முதலில் நிழல் முழுவதையும் லாசோவால் வளைத்து, ஒரே நிறத்தால் நிரப்புங்கள். எல்லா விளிம்பும் கூர்மையாக இருக்கட்டும். அந்த நிலையிலேயே முகம் முகமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், உருண்டு திரும்பும் விளிம்புகளை மட்டும் தேய்த்து மென்மையாக்குங்கள். பாட்டியின் சுருக்கங்களுக்கும் இதே வைத்தியம். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மென்மை. எல்லாச் சுருக்கத்தையும் கறுப்புக் கோடாக இழுத்தால் முகம் விரிசல் விட்ட சுவராகிவிடும். கண்ணோரம், வாயோரம் நாலைந்து போதும்.

லேயர் ஒழுங்கைப் பற்றிச் சுருக்கமாக. தோல், முடி, சேலை, கூடை தனித்தனி லேயரில் தட்டையாக நிரப்புங்கள். நிரப்பும் கருவியில் விரிவாக்கம் ஒன்றிரண்டு பிக்சல் வைத்தால் கோட்டோரம் வெள்ளைப் பிசிறு வராது. ஒவ்வொன்றுக்கும் மேலே மல்டிப்ளை லேயரைக் கிளிப்பிங் போட்டு (கீழே உள்ள லேயரின் எல்லையைத் தாண்டாதபடி) வையுங்கள். கணினியில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பயன்படுத்தும் வாசகர்கள் அடிக்கடி கேட்பது: கிளிப்பிங் மாதிரியே வேலை செய்யும் இன்ஹெரிட் ஆல்பா போட்டும் நிழல் வெளியே வழிகிறதே? அது ஒரே குரூப்புக்குள் தனக்குக் கீழே இருக்கும் எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கும். பின்னணியும் அதே குரூப்பில் இருந்தால் வழியத்தான் செய்யும். தோல் லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிப்ட், ஜி அழுத்தினால் தனி கிளிப்பிங் குரூப் வந்துவிடும்.

மல்லிகைக் கூடையில் ஒரு ஆபத்து இருக்கிறது. படத்திலேயே மிக வெளிச்சமான பொருள் அது, பார்வையை முகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். தூய வெள்ளையை வெயில் நேராகப் படும் ஏழெட்டு மொட்டுக்கு மட்டும் கொடுங்கள், மற்றவை சாம்பல் கலந்த பச்சையிலும் நீலத்திலும் அமுங்கட்டும். சேலை பருத்தி என்றால் ஹைலைட்டே வேண்டாம்.

பழகுவதற்கு நம் ஓவியர்களையே பாருங்கள். 2021-ல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களில், வீட்டு ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் வரும் வெளிச்சம் மாநிறப் பெண்களின் முகத்தில் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். ஒரு படத்தை ஆப்பில் திறந்து, நெற்றி, நிழல் கன்னம், கழுத்து மூன்றுக்கும் என்ன நிறம் என்று முதலில் கண்ணாலேயே ஊகித்து ஓரத்தில் பொட்டு வையுங்கள். அப்புறம் ஐட்ராப்பரால் உண்மை நிறத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஊகிக்காமல் நேராக ஐட்ராப்பரைத் தொட்டால் ஒன்றும் ஒட்டாது. இப்படிப் பார்த்துப் போட்டது பயிற்சிக்கு மட்டும், உங்கள் படைப்பு என்று வெளியிடாதீர்கள். இன்னொன்று, கலர் அடிக்கும்போது போனில் கண் பாதுகாப்பு மோடை அணைத்துவிடுங்கள். திரையே மஞ்சளாக இருந்தால் நீங்கள் எதைச் சரிபார்ப்பது?

கடைசியாக டேப்லெட். அழுத்தத்தை உணரும் பேனா கோடு வரைவதற்குத்தான் அதிகம் உதவும். லாசோவால் வளைத்து நிரப்பும் வேலைக்கு விரலே போதும், அதனால் இந்தப் பாட்டியைப் போனிலேயே முடித்துவிடலாம். பிறகு வாங்குவதென்றால் திரையில்லாத சிறிய டேப்லெட் போதும். கடையில் பணம் கொடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: ஆண்ட்ராய்டு போனோடு வேலை செய்யுமா, உங்கள் போனில் ஓடிஜி வசதி (வெளிக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் வசதி) இருக்கிறதா. சில டேப்லெட்டுகள் போனோடு இணைத்தால் பரப்பின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும்தான் இயங்கும், ஆகவே முடிந்தால் உங்கள் போனை அங்கேயே இணைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.