‘கிரிபஸ்குலர்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்தலாம்?

இந்தச் சொல்லை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது எங்கள் வீட்டுப் பூனை.

விடியற்காலை ஐந்து மணி ஆவதற்குள் வந்து போர்வையை இழுக்கும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு ஓட்டம் ஓடும். பகல் முழுக்கத் துவைத்துப் போட்ட துணிக்குவியல் மேல் தூக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி அதே ஆட்டம். பூனை ராத்திரியில் விழித்திருக்கும் பிராணி என்பார்களே, இது பத்து மணிக்கெல்லாம் சுருண்டுவிடுகிறதே என்று, தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, “பூனை நாக்டர்னல் இல்ல சார், கிரிபஸ்குலர்” என்றார்.

‘அந்திக்குரிய’ என்பதுதான் பொருள். லத்தீனில் ‘கிரெபுஸ்குலும்’ என்றால் அந்தி மங்கல். விலங்கியலில் இது காலை, மாலை இரண்டு மங்கல் பொழுதுகளையும் குறிக்கும். அந்த நேரங்களில் சுறுசுறுப்பாக இரை தேடும் விலங்குகளுக்கு இந்த அடைமொழி. முயல், பல வகை மான்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பகல் வெயிலும் இல்லை, கும்மிருட்டும் இல்லை. பார்க்கிற அளவுக்கு வெளிச்சம் உண்டு, பதுங்கிக்கொள்ளவும் வழி உண்டு. மாலையில் மட்டும் நடமாடுவதற்கு ‘வெஸ்பர்டைன்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

இன்னொரு இடம் வானம். மேக இடுக்கு வழியாக வெயில் விசிறிபோல விரிந்து இறங்குமே, அதை ‘கிரிபஸ்குலர் ரேஸ்’ (rays, கதிர்கள்) என்பார்கள். உண்மையில் அந்தக் கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகத்தான் வருகின்றன. தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதுபோலத் தெரிகிறதே, அதே கண்மயக்கு. நடுப்பகலில் தெரிந்தால்கூடப் பெயர் அதேதான். அங்கே அந்தியைத் தேடாதீர்கள்.

மங்கலான, தெளிவில்லாத என்ற பொருளிலும் இலக்கியத்தில் எழுதுகிறார்கள். ஆனால் ஆபீஸ் மெயிலில் ‘கிரிபஸ்குலர் மீட்டிங்’ என்று போட்டு வைக்காதீர்கள். ஆறு மணி மீட்டிங் என்றாலே வயிறு எரியும், அதற்கு மேல் அகராதியையும் புரட்ட வைத்தால் எப்படி? உச்சரிக்கும்போது அழுத்தம் ‘பஸ்’ஸில் விழ வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பகலில் நடமாடும் விலங்குக்குப் பகலாடி, இரவில் நடமாடுவதற்கு இரவாடி என்ற சொற்களை இயற்கை பற்றி எழுதுகிறவர்கள் புழங்குகிறார்கள். அந்தி என்றதும் நமக்கு இப்போது சாயங்காலம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. “அந்தி சந்தி நேரத்துல தலை வாராதே” என்று பாட்டி அதட்டும்போது அதில் காலையும் அடங்கும், மாலையும் அடங்கும். அந்த அந்தியை எடுத்து, பூனையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் ‘அந்தியாடி’ என்று எழுதிப் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது.