சேர்மன் யாருன்னு மேடையிலதான் தெரிஞ்சுது

கேள்வி: எங்க காலேஜ்ல மாணவர் பேரவை தொடக்க விழா நடத்துனாங்க. சேர்மன், செக்ரட்டரி யாருன்னு மேடையில பேர் வாசிக்கறப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஏன் எலெக்‌ஷன் வைக்கலன்னு கேட்டா 'வெச்சா அடிதடி ஆகும், உங்க நல்லதுக்குத்தான்'ங்கிறாங்க. இது சரியா?
(பி.எஸ்சி. மாணவி, பாலக்கோடு)

பதில்: சரியில்லம்மா. ஆனா உங்களையும் ஒன்னு கேக்கணும், அத அப்புறம் கேக்குறேன்.

அடிதடிக்கு பயந்துதான் எலெக்‌ஷன் இல்லங்கிறது பழைய சாக்கு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமைல போட்ட கமிட்டி இதுக்கெல்லாம் விதி எழுதிக் குடுத்து, 2006லயே சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கிச்சு. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது (நம்ம ஊர் காதுகுத்து பிளெக்ஸுக்கே அது பத்தாது), அச்சடிச்ச போஸ்டர் கூடாது, அங்க படிக்காத ஆளு எவனும் எலெக்‌ஷன் வேலைல தலையிடக்கூடாது, நிக்கிறவங்களுக்கு 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேணும், அந்த வருஷம் அரியர் இருக்கக்கூடாது, எல்லாமே 10 நாளைக்குள்ள முடிஞ்சிரணும். நிலவரம் சரியில்லாத இடத்துல தற்காலிகமா நியமனம் பண்ணிக்கலாம்னும் அதே கமிட்டிதான் சொல்லுது, ஆனா 5 வருஷத்துக்குள்ள எலெக்‌ஷனுக்கு மாறிடணும், வெறும் மார்க்க மட்டும் பாத்து நியமிக்காதீங்கன்னும் சேத்து சொல்லுது. இதுல முதல் பாதிய மட்டும் நம்ம ஆளுங்க கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க.

இத்தனைக்கும் இது 1965ல இந்தித் திணிப்ப எதுத்து மாணவருங்க ரோட்டுக்கு வந்த மாநிலம். 1967 தேர்தல்ல விருதுநகர்ல காமராஜரையே தோக்கடிச்ச பெ.சீனிவாசன் மாணவர் தலைவரா இருந்தவருதான். எந்தக் கட்சி மேடைக்குப் போனாலும் மாணவர் சக்தின்னு முழங்குறாங்க, காலேஜ் எலெக்‌ஷன்னு சொல்லிப் பாருங்க, பேச்ச மாத்திருவாங்க.

சரி, எலெக்‌ஷன் வந்தே ஜெயிச்சாலும் அந்த சேர்மன் என்ன பண்ணப்போறாரு? பொன்னாடை போடறதும் கல்ச்சுரல்ஸ்க்கு ஸ்பான்சர் புடிக்கறதும்தான் வேலைன்னா இப்ப இருக்கறவரே போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி கலை அறிவியல் காலேஜ் பெரும்பாலானதுக்கு பரீட்சை, ரிசல்ட், மார்க் ஷீட்டு எல்லாம் சேலம் கருப்பூர்ல பெரியார் பல்கலைக்கழகத்து கைல இருக்கு. மார்க் ஷீட்ல ஒரு எழுத்து தப்புன்னா பென்னாகரத்துப் புள்ள ஒரு நாள் கிளாஸ விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி தொப்பூர் கணவாய் தாண்டிப் போகணும், அங்க 'செக்‌ஷன் ஆளு லீவு, நாளைக்கு வா'ன்னா அவ்ளோதான், அஞ்செட்டிலருந்தோ தளிலருந்தோ வர்றவங்க கதைய சொல்லவே வேணாம். அந்த மாதிரி முப்பது பேரோட பேப்பர ஒன்னா வாங்கிட்டுப் போயி கவுன்டர்ல நின்னு முடிச்சுக் குடுத்துட்டு வர்றவருதான் பிரதிநிதி. ரீவேல்யூவேஷன் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அரியர் பீஸ் கட்ட கடைசி தேதி வெச்சா, அது ஏன்னு பல்கலைக்கழகத்துகிட்ட எழுதிக் கேக்குறதும் அவரு வேலைதான். பிரின்சிபால் நியமிச்ச ஆளு இத கேக்க மாட்டாரான்னா, கேக்கலாம்தான், ஆனா குடுத்த பதவிய ஒரே வார்த்தைல புடுங்கிடலாம்னு தெரிஞ்சவரு எவ்ளோ சத்தமா கேப்பாரு?

எலெக்‌ஷன் வர்ற வரைக்கும் கைய கட்டிட்டு இருக்க வேணாம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2023ல போட்ட விதிப்படி ஒவ்வொரு காலேஜ்லயும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கணும், புகார் குடுத்து 15 வேலை நாளைக்குள்ள அது அறிக்கை குடுக்கணும். திருப்தி இல்லன்னா பல்கலைக்கழகத்தோட ஆம்பட்ஸ்பர்சன்கிட்ட (மாணவர் புகார விசாரிக்கற தனி அதிகாரி) அப்பீல் போகலாம், அவருக்கு 30 நாள் கெடு. அந்தக் குழுலயும் ஒரு மாணவரு சிறப்பு அழைப்பாளரா உக்காருவாரு, அவரயும் நியமிக்கத்தான் செய்றாங்க, படிப்பு விளையாட்டுல முன்னாடி இருக்கறவங்கள பாத்து. பஸ் நிக்காம போனா அவஸ்தைப்படுற புள்ளைக்கு அங்க சீட்டு இல்ல.

இப்ப நான் கேக்குறேன்: உங்க குறைய ஒரு தாள்ல புகாரா எழுதுனா உங்க கிளாஸ்ல எத்தன பேரு பேரோட, ரெஜிஸ்டர் நம்பரோட கையெழுத்து போடுவீங்க? இன்டர்னல் மார்க்குல கைய வெச்சிருவாங்கன்னு பயம் இருக்கும், அது நியாயமான பயம்தான். அதனால தனியாளா குடுக்காதீங்க, மூணு டிபார்ட்மென்ட்டாவது சேந்து குடுங்க, யாரு முதல்ல போட்டாங்கன்னு தெரியாம பேர வட்டமா எழுதுங்க, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒன்னுல ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கங்க. 15 வேலை நாள் எண்ணறது அந்தத் தேதிலருந்துதான்.