முனைவர் பட்டம் மட்டும் போதாது, கண்ணு

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கேள்வி இதுதானே: தலைவாசல் பக்கத்துப் பெண், நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) முடித்து முதுநிலை ஆய்வுப் படிப்புக்காக அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகிறது, நாய் பூனைக் கண் மருத்துவத்தில் பேராசிரியர் ஆக ஆசை. இப்படியே முனைவர் பட்டத்தையும் முடித்தால் போதுமா, இங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

போதாது. இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். நானும் உன்னைப் போலத்தான். விழித்திரை ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் செய்தேன், முடித்ததும் எதிர்க் கட்டடத்தில் இருக்கிற கண் கிளினிக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் எலியின் கண்ணை எத்தனை வருடம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு பொமரேனியனுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்க உரிமம் வேண்டும்.

நம் பட்டம் இங்கே நேராகச் செல்லாது. வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கான ஈ.சி.எஃப்.வி.ஜி. என்கிற சான்றிதழ் வாங்க வேண்டும் (பேவ் என்று இன்னொரு வழியும் உண்டு). முதலில் சான்றிதழ்களைக் காட்டணும், அப்புறம் ஆங்கிலத் தேர்வு, அதன்பின் 225 கேள்விகள் உள்ள ஓர் எழுத்துத் தேர்வு, கடைசியில் விலங்குகளை நேரில் கையாளும் செய்முறைத் தேர்வு. உரிமத்துக்கு நாவ்லி என்று 360 கேள்வித் தேர்வு தனி. செய்முறையில் மாடு ஒரு பகுதி, குதிரை ஒரு பகுதி. மாடு நமக்குப் பழக்கம், ஆத்தூர் பக்கம் மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் பயம் இல்லை. நான் விழுந்தது குதிரையில். மேலிருந்து இல்லை, தேர்வில். சேலத்தில் குதிரையை ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதன் காலை எந்தப் பக்கம் நின்று தூக்குவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆறு மாதம் ஒரு குதிரை டாக்டர் பின்னாலேயே அலைந்து, மறுபடி எழுதித் தேறினேன்.

பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கண் பக்கமே வர முடியும். ஒரு வருடம் பொது இன்டர்ன்ஷிப், பலருக்குக் கண்ணில் மட்டும் இன்னொரு வருடம், பிறகு பெரும்பாலும் மூன்று வருட ரெசிடென்சி என்கிற நிபுணர் பயிற்சி, அது முடிந்து கண் நிபுணர் என்று அங்கீகரிக்கிற போர்டு தேர்வு. இடங்களை 'மேட்ச்' என்ற பொது முறையில் நிரப்புகிறார்கள். கண் துறைக்கு இடம் மிகக் குறைவு, ஒரு கல்லூரியில் வருடத்துக்கு ஓர் இடம் இருந்தாலே பெரிது. அங்கே மதிப்பெண்ணை விட எடுபடுவது சிபாரிசுக் கடிதம், அதுவும் உன் கையைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு கண் நிபுணர் எழுதியது. அதனால் இப்போதே உன் கைடிடம் பேசி, வாரத்தில் ஒரு அரை நாள் கண் கிளினிக்கில் நிற்க அனுமதி வாங்கு. உரிமம் இல்லாமல் சிகிச்சை செய்ய விடமாட்டார்கள். பரவாயில்லை, நாயைப் பிடித்துக்கொள்வது, கண்ணீரை அளக்கும் ஷிர்மர் தாளைக் கீழ் இமைக்குள் வைத்து ஒரு நிமிடம் எண்ணுவது, இதிலேயே நிறைய தெரிந்துவிடும். ஒரு பக் நாயின் தாளில் ஈரம் 10 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை என்றால், மாதக்கணக்கில் 'கண் சிவப்பு' என்று ஆன்டிபயாடிக் போட்டதெல்லாம் வீண், அதற்குக் கண்ணீர் போதுமான அளவு சுரக்கவில்லை என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

என் கைக்கு எங்கிருந்து பொறுமை வந்தது என்று ரெசிடென்சியில் கேட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. லீவு நாளில் பூதக்கண்ணாடி வழியே சலங்கை பற்றவைத்த பழக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது எனக்குப் புதிதில்லை. அப்பாவுக்கு இன்றுவரை ஒரே சந்தேகம், நாய்க்குக் கண்புரை எடுக்க ஆள் காசு கொடுத்துக்கொண்டு வருவார்களா என்று. வருகிறார்கள் அப்பா, சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் புரை விழுந்துவிடுகிறது.

ஊரில் கற்றதை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடாதே, இது எனக்கு விழுந்த இரண்டாவது அடி. பெரிய ஏரிகள் பக்கத்து மாநிலம் ஒன்றில் இன்டர்ன்ஷிப், ஒரு லாப்ரடார், கண்ணுக்குள் ரத்தம். உண்ணிக் காய்ச்சல் என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நம்மூரில் பத்தில் பாதி அதுதானே என்ற தைரியம். ஆசிரியர் சிரிக்கவில்லை, "இந்த நாய் எங்கே தோண்டும்?" என்று மட்டும் உரிமையாளரிடம் கேட்டார். ஆற்றங்கரை என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி, ஈர மண்ணில் இருக்கும் ப்ளாஸ்டோமைசிஸ் என்கிற பூஞ்சை. கண்ணைப் பார்க்கும் முன் ஊரைக் கேள் என்று அன்றைக்குப் புரிந்தது. அதே உண்ணிக் காய்ச்சல் பின்னால் எனக்குக் கைகொடுத்தது என்பது வேறு கதை, அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் போர்டு தேர்வு எழுதும் தகுதிக்கு உதவியது.

அப்படியானால் ஆராய்ச்சி வீணா என்றால், இல்லை. பிறவியிலேயே பார்வை போகும் ப்ரியார்ட் இன நாய்களுக்கு ஆர்.பி.இ.65 மரபணுவைச் செலுத்திப் பார்வை வரவைத்த ஆய்வு 2001-ல் வெளியானது, அந்த வழியில் வந்த மருந்தைத்தான் 2017-ல் மனிதர்களுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இந்த மாதிரி வேலைக்குக் கிளினிக்கும் தெரிந்த, ஆய்வும் தெரிந்த ஆள் வேண்டும், உன் முனைவர் பட்டம் அங்கேதான் எடுபடும். ஆனால் நிரந்தரப் பணிக்கான 'டென்யூர்' வழியில் போனால் பாதி வாழ்க்கை நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலேயே போய்விடும். நான் கிளினிக்கல் பேராசிரியர் வழியில் இருக்கிறேன், நோயாளிகள், மாணவர்கள், அவ்வப்போது ஒரு கட்டுரை. தனியார் மருத்துவமனையில் சம்பளம் கூடுதல், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி விசாவில் வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது, குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். நான் தங்கியதற்கு முதல் காரணம் அதுதான், கற்பித்தல் மேல் இருந்த காதல் எல்லாம் பிறகு வந்தது.

வாழ்க்கையா? குளிர் பழகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, பெரிய நாய் கடித்துக் கண் பிதுங்கி வெளியே வந்த ஷீ சூ இனக் குட்டி நாயோடு ஒரு தாத்தா வாசலில் நிற்பார். அவரிடம் முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிக் கையெழுத்து வாங்கணும், அதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போவதாக எழுதியிருந்தாய். கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுக் கண் நாலைந்து வாங்கி, கருவிழியில் தையல் போட்டுப் பழகு, 8-0 என்கிற மெல்லிய தையல் நூல் நான் அனுப்புகிறேன். ஃப்ரிட்ஜில் இருக்கிற டப்பாவில் என்ன என்று மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நான் சொல்லாமல் விட்டு வாங்கிய திட்டு போதும்.